நாட்பட்ட ஒற்றைத் தலைவலிக்குச் சத்து மாத்திரைகள்: எதை, எவ்வளவு, எத்தனை நாள்?

மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தலை வலித்து, அவற்றில் குறைந்தது 8 நாட்களாவது ஒற்றைத் தலைவலிக்குரிய இயல்புகளோடு வந்து, இந்த நிலை 3 மாதங்களுக்கு மேல் நீடித்தால், மருத்துவர்கள் அதை நாட்பட்ட ஒற்றைத் தலைவலி என்று வகைப்படுத்துகிறார்கள். இதற்கு புரொப்ரனோலால், அமிட்ரிப்டிலின், ஃப்ளூனரிசின், டோபிராமேட் போன்ற தடுப்பு மருந்துகளை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அதே சமயத்தில் மெக்னீசியம் சாப்பிடுங்கள், வைட்டமின் பி2 சாப்பிடுங்கள் என்று உறவினர்களும் யூடியூப் காணொளிகளும் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் சொல்வது முழுக்கப் பொய்யில்லை. சில சத்துகளுக்கு முறையான ஆய்வுகள் நடந்திருக்கின்றன, சிலவற்றில் நல்ல முடிவும் வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வுகளில் கொடுத்த அளவு வேறு, கடையில் வாங்கிச் சாப்பிடும் அளவு வேறு. அங்கே மூன்று மாதம் காத்திருந்து கணக்கெடுத்தார்கள், வீட்டில் பத்து நாளில் பலனில்லை என்று நிறுத்திவிடுகிறோம், அல்லது பலன் இருக்கிறதா என்றே பார்க்காமல் ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறோம்.

சத்து மாத்திரையை ஒரு சோதனையாக நடத்துவதே சரியான வழி. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சத்தை, ஆய்வில் பயன்படுத்திய அளவுக்கு நெருக்கமாக, 12 வாரங்களுக்கு, எழுதிவைத்த கணக்கோடு எடுத்துப் பார்க்க வேண்டும். நிறுத்தி மதிப்பிடும் நாளைத் தொடங்கும் நாளிலேயே குறித்துவைக்க வேண்டும். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை மாதத்துக்குச் சில நாட்கள் மட்டும் வலி வருபவர்களிடம் நடத்தப்பட்டவை. மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் வலி உள்ளவர்களுக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அவற்றைக் கொண்டு உறுதி சொல்ல முடியாது. ஆகவே மருத்துவர் தரும் சிகிச்சையோடு சேர்த்து எடுக்கும் துணையாக மட்டுமே சத்து மாத்திரையைக் கருத வேண்டும்.

தொடங்குவதற்கு முன்

முதல் வேலை, வருவது ஒற்றைத் தலைவலிதான் என்று மருத்துவர் ஒருவர் உறுதி செய்திருக்க வேண்டும். நொடிகளில் உச்சத்தைத் தொடும் தலைவலி, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்து வரும் தலைவலி, கை கால் வலுவிழப்பு அல்லது பேச்சுக் குழறலோடு வரும் தலைவலி, 50 வயதுக்குப் பிறகு முதன்முறையாகத் தொடங்கிய தலைவலி, கர்ப்ப காலத்திலோ பிள்ளைப்பேற்றுக்குப் பின்னரோ புதிதாக வந்த கடும் தலைவலி ஆகியவற்றுக்கு இந்தக் கட்டுரையில் எந்த வழியும் இல்லை. தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது வேலையைப் பலர் செய்வதே இல்லை: வலி மாத்திரைகளை எண்ணுவது. பாரசிட்டமால், இபுப்ரோஃபென் போன்ற எளிய வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள டிரிப்டான் வகை மாத்திரைகள், எர்கோட்டமைன், பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகள் ஆகியவற்றை 10 நாட்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால், அந்த மாத்திரைகளே தலைவலியை நிலைநிறுத்தத் தொடங்கிவிடும். நம் ஊரில் எர்கோட்டமைனும் காஃபீனும் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து நாலைந்தாக வெட்டிக் கொடுப்பது வழக்கமாக இருப்பதால், எத்தனை சாப்பிட்டோம் என்ற கணக்கு வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை. இந்த நிலையில் இருப்பவர் எவ்வளவு மெக்னீசியம் சாப்பிட்டாலும் பெரிய மாற்றத்தைக் காண்பது கடினம். வலி மாத்திரைகளைக் குறைப்பதும் நிறுத்துவதும் முதல் சில வாரங்களில் வலியைக் கூட்டும் என்பதால், அதை மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, சில இரத்தப் பரிசோதனைகள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவு மெக்னீசியத்துக்கு முன் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். மாதவிடாய் அதிகமாகப் போகும் பெண்கள் ஹீமோகுளோபினும், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்த்துக்கொள்வது நல்லது. இரத்தசோகை இருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் சத்து மாத்திரை. மெக்னீசியத்தின் இரத்த அளவைப் பார்ப்பதால் அதிகம் தெரியவராது. உடலில் உள்ள மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்கு கூட இரத்தத்தின் திரவப் பகுதியில் இல்லை. பெரும்பகுதி எலும்பிலும் தசையிலும் இருக்கிறது. அதனால் அறிக்கையில் அளவு இயல்பு என்று வந்தாலும் உடலில் பற்றாக்குறை இருக்கக்கூடும்.

காலண்டர் கணக்கு

எந்த மாத்திரையையும் தொடங்குவதற்கு முன்பு 4 வாரங்கள் வெறும் கணக்கு மட்டும் எழுத வேண்டும். கைபேசிச் செயலிகள் இருக்கின்றன. ஆனால் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரே போதும், கண்ணில் படும் இடத்தில் தொங்குவதால் மறக்காமலும் எழுதலாம். ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் வலி இருந்ததா, இருந்தால் லேசானதா, நடுத்தரமானதா, படுக்க வைத்ததா என்பதை 1, 2, 3 என்ற எண்ணாலும், எடுத்த வலி மாத்திரையின் பெயரின் முதல் எழுத்தையும், மாதவிடாய் நாட்களை ஒரு புள்ளியாலும் குறித்தால் போதும். வலி இல்லாத நாளையும் சுழியம் போட்டுக் குறிக்க வேண்டும். வெற்றுக் கட்டம் வலி இல்லாத நாளா, எழுத மறந்த நாளா என்று பிறகு தெரியாது.

இந்த நான்கு வாரக் காத்திருப்பைப் பலர் வீண் என்று நினைப்பார்கள். ஆனால் தலைவலி மிக மோசமாக இருக்கும் மாதத்தில்தான் எவரும் புதிய மாத்திரை ஒன்றைத் தேடத் தொடங்குகிறார். மோசமான மாதத்துக்கு அடுத்த மாதம், எதுவும் செய்யாமலே, சற்று நல்ல மாதமாக அமையும் வாய்ப்பு அதிகம். அந்த நன்மையெல்லாம் புதிதாக வாங்கிய டப்பாவின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். ஆய்வுகளில் சத்து ஏதுமில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமான பங்கினருக்கு வலி நாட்கள் குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெக்னீசியம்

பெரும்பாலோர் முதலில் முயல வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. விலை குறைவு, வேலை செய்யும் விதம் ஓரளவு புரிந்தது, சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு ஆபத்தும் குறைவு. நரம்பணுக்களில் உள்ள என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பியின் வாயிலை மெக்னீசியம் அயனி அடைத்து நிற்கிறது. மெக்னீசியம் குறையும்போது அந்த அடைப்பு தளர்ந்து நரம்பணுக்கள் எளிதில் கிளர்ச்சியடைகின்றன. ஒற்றைத் தலைவலிக்கு முன் சிலருக்குக் கண்ணில் ஒளிக்கோடுகள் தோன்றக் காரணமான, மூளைப் புறணியில் மெல்லப் பரவும் மின்சார அலையும் அப்போது எளிதில் கிளம்புகிறது.

1996ஆம் ஆண்டு ஜெர்மனியில் 81 பேரிடம் நடந்த ஆய்வில் நாளொன்றுக்கு 600 மி.கி. மெக்னீசியத்தை சிட்ரேட் உப்பாக 12 வாரங்கள் கொடுத்தார்கள். கடைசி நான்கு வாரங்களில் வலித் தாக்குதல்கள் மெக்னீசியம் எடுத்தவர்களுக்கு 41.6 விழுக்காடும், போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 15.8 விழுக்காடும் குறைந்திருந்தன. அதே ஆண்டு அதே நாட்டில் வெளியான இன்னோர் ஆய்வில், வேறொரு மெக்னீசிய உப்பைச் சற்றுக் குறைந்த அளவில் கொடுத்தபோது இரு குழுக்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. விளம்பரங்களில் முதல் ஆய்வு மட்டும் இடம்பெறும்; இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவரே எதிர்பார்ப்பைச் சரியான அளவில் வைத்துக்கொள்ள முடியும்.

மெக்னீசியம் வாங்குவதில் உள்ள முதல் சிக்கல் எடைக் கணக்கு. டப்பாவின் முன்புறம் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் உப்பின் மொத்த எடை. நமக்கு வேண்டியது அதற்குள் இருக்கும் மெக்னீசியத்தின் எடை. மெக்னீசியம் ஆக்சைடில் சுமார் 60 விழுக்காடும், சிட்ரேட்டில் சுமார் 16 விழுக்காடும், கிளைசினேட்டில் சுமார் 14 விழுக்காடும்தான் மெக்னீசியம். ஆகவே 1,000 மி.கி. கிளைசினேட் என்று எழுதிய மாத்திரை உண்மையில் தருவது 140 மி.கி. அளவே. பின்புறச் சத்து அட்டவணையில் தனிம மெக்னீசியம் எவ்வளவு என்று தெளிவாக எழுதாத டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம். ஆக்சைடில் மெக்னீசியம் அதிகம் இருந்தாலும் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சப்படாதது நீரை இழுத்துக்கொண்டு வயிற்றுப்போக்காக வெளியேறுகிறது. சிட்ரேட்டும் கிளைசினேட்டும் இதில் மேல். மலச்சிக்கல் உள்ளவர்களுக்குச் சிட்ரேட்டும், வயிறு எளிதில் இளகுபவர்களுக்குக் கிளைசினேட்டும் பொருந்தும்.

இரவு உணவுக்குப் பின் 200 மி.கி. மெக்னீசியம் என்ற அளவில் தொடங்கி, வயிறு ஒத்துக்கொண்டால் ஒரு வாரம் கழித்து, காலையும் இரவுமாகப் பிரித்து 400 மி.கி. வரை உயர்த்தலாம். மேலே சொன்ன 600 மி.கி. ஆய்வில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு இருந்தது. மலம் இளகத் தொடங்கினால் முந்தைய அளவுக்கு இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். மாத்திரை வழியாக எடுக்கும் மெக்னீசியத்துக்கு அமெரிக்க வழிகாட்டுதல் வைத்திருக்கும் பொது மேல் வரம்பு 350 மி.கி. என்பதையும், ஒற்றைத் தலைவலிக்கான அளவு அதைத் தாண்டுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு, மருத்துவரிடம் சொல்லிவிட்டே அந்த எல்லையைக் கடக்க வேண்டும்.

சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் மருத்துவர் சொல்லாமல் மெக்னீசியத்தைத் தொடக் கூடாது. அவர்கள் உடலில் அது தேங்கி, இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் பல சிரப்புகளிலும் சில மலமிளக்கிகளிலும் மெக்னீசியம் ஏற்கெனவே இருக்கிறது. அதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே குறைந்தது 4 மணி நேர இடைவெளி விட வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுப்பது வழக்கம் என்பதால், அவர்கள் மெக்னீசியத்தின் காலைப் பங்கை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகளை மெக்னீசியம் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாது. அந்த மருந்துகள் எடுக்கும் நாட்களில் மெக்னீசியத்தை நிறுத்திவைப்பதே எளிது.

உணவில் கிடைப்பதையும் ஒதுக்க வேண்டாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 146 மி.கி., கம்பில் சுமார் 125 மி.கி. மெக்னீசியம் இருக்க, தீட்டிய அரிசியில் 20 மி.கி. அளவே இருக்கிறது, தவிட்டோடு அது போய்விடுகிறது. காலை இட்லிக்குப் பதில் வாரத்தில் சில நாட்கள் கேழ்வரகுக் கூழோ கம்பு தோசையோ சாப்பிடுவது மாத்திரைக்கு மாற்றாகாது; ஆனால் மாத்திரையை நிறுத்திய பிறகும் தொடரக்கூடியது அதுதான்.

ரைபோஃப்ளேவின் என்னும் பி2

உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான துணைப்பொருட்கள் இந்த வைட்டமினிலிருந்து உருவாகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களின் மூளையில் ஆற்றல் இருப்பு குறைவாக இருக்கக்கூடும் என்ற கருத்தின் அடிப்படையில் இதை முயன்று பார்த்தார்கள். 1998இல் பெல்ஜிய மருத்துவர்களின் தலைமையில் 55 பேரிடம் நடந்த ஆய்வில் நாளொன்றுக்கு 400 மி.கி. வீதம் மூன்று மாதம் எடுத்தவர்களில் 59 விழுக்காட்டினருக்கு வலி குறைந்தது பாதியாவது தணிந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 15 விழுக்காடு.

இதற்கு நேர்மாறான ஆய்வொன்று 2004இல் அமெரிக்காவில் வெளியானது. ரைபோஃப்ளேவின் எடுத்தால் சிறுநீர் பளிச்சென்ற மஞ்சள் நிறமாகிவிடும் என்பதால், யார் உண்மை மாத்திரை எடுக்கிறார் என்பது எளிதில் வெளிப்பட்டுவிடும். அதை மறைக்க, போலி மாத்திரையிலும் 25 மி.கி. ரைபோஃப்ளேவின் சேர்த்தார்கள். மறு குழுவுக்கு 400 மி.கி. ரைபோஃப்ளேவினோடு மெக்னீசியமும் ஃபீவர்ஃபியூ மூலிகையும் சேர்ந்த மாத்திரை. முடிவில் இரு குழுக்களிலும் நூற்றுக்கு நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு வலி பாதியாகக் குறைந்திருந்தது, வித்தியாசம் இல்லை. ஒரு வேளையில் குடல் உறிஞ்சக்கூடிய ரைபோஃப்ளேவின் ஏறத்தாழ 27 மி.கி. மட்டுமே என்று கணக்கிடப்பட்டிருப்பதை இதோடு வைத்துப் பார்த்தால், 25 மி.கி. அளவே போதுமானதாக இருந்ததோ, இல்லை இரண்டுமே வெறும் நம்பிக்கையால் பலித்தனவோ என்ற கேள்வி எழுகிறது. அதற்கு இந்த ஆய்வுக்குள் விடை இல்லை. 400 மி.கி. மாத்திரை கிடைக்காதவர் மனம் தளர வேண்டியதில்லை என்பதையும், எடுப்பவர் ஒரே வேளையில் விழுங்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து உணவோடு எடுப்பது மேல் என்பதையும் மட்டும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நம் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பி காம்ப்ளக்ஸ் மாத்திரைகளில் பி2 பொதுவாக 10 மி.கி. அளவில்தான் இருக்கும். 400 மி.கி. ஆக்குவதற்காக அவற்றையே கைநிறைய விழுங்குவது ஆபத்தானது. கூடவே உள்ள பி6 நீண்ட நாள் அதிக அளவில் சேர்ந்தால் கை கால் மரத்துப்போகும் நரம்புப் பாதிப்பை உண்டாக்கும். ரைபோஃப்ளேவின் மட்டும் உள்ள மாத்திரையைக் கடையில் சொல்லி வரவழைக்க வேண்டும். தனியாக எடுத்தால் இது மிகவும் பாதுகாப்பானது. மஞ்சள் சிறுநீரைப் பார்த்துக் காமாலை என்று பயப்படாமல் இருக்க வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

கோ-என்சைம் க்யூ10

இதுவும் மைட்டோகாண்டிரியாவோடு தொடர்புடையது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் 42 பேரிடம் வேளைக்கு 100 மி.கி. வீதம் நாளொன்றுக்கு மூன்று வேளை கொடுத்தபோது, எடுத்தவர்களில் 47.6 விழுக்காட்டினருக்குத் தாக்குதல்கள் பாதியாகக் குறைந்தன. மறு குழுவில் 14.4 விழுக்காடு. ஆய்வு சிறியது, மாத்திரை விலை அதிகம். முதல் இரண்டையும் முயன்று பார்த்த பிறகு, செலவு கட்டுப்படியாகும் என்றால் மட்டும் இதற்கு வரலாம். கொழுப்பில் கரைவது என்பதால் எண்ணெயோ நெய்யோ உள்ள உணவோடு எடுக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அந்த மருந்தின் செயலை இது குறைத்துவிடக்கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

தவிர்க்க வேண்டியவையும் தள்ளிப்போடக்கூடியவையும்

பட்டர்பர் என்ற ஐரோப்பிய மூலிகையின் சாறு ஒரு காலத்தில் இந்தப் பட்டியலின் தலையில் இருந்தது. 2012இல் அமெரிக்க நரம்பியல் கழகமும் தலைவலிச் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் அதற்கு மிக உயர்ந்த தரநிலையை அளித்தது. அந்தச் செடியில் இயற்கையாகவே உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் கல்லீரலைப் பாதிப்பவை. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலை வலுத்ததால் 2015இல் அந்த வழிகாட்டுதலையே விலக்கிக்கொண்டார்கள். இணையக் கடைகளில் இன்னும் கண்ணில் படும். பழைய கட்டுரைகளும் அதைப் புகழ்ந்துகொண்டிருக்கும். வாங்க வேண்டாம். ஃபீவர்ஃபியூ அந்த அளவுக்கு ஆபத்தானதில்லை என்றாலும், கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களுக்கும் கூடாது; நீண்ட நாள் எடுத்துத் திடீரென நிறுத்தினால் தலைவலி திரும்புவதும் உண்டு.

தூக்கம் சரியில்லாதவர்களுக்கு, தூக்கத்தைத் தூண்டும் ஹார்மோனான மெலட்டோனின் பயன்படலாம். 2016இல் பிரேசிலில் 196 பேரிடம் நடந்த ஆய்வில் இரவு 3 மி.கி. மெலட்டோனின் போலி மாத்திரையைவிட மேலாகவும், 25 மி.கி. அமிட்ரிப்டிலினுக்கு இணையாகவும் இருந்தது. நார்வேயில் 2 மி.கி. கொடுத்துப் பார்த்த முந்தைய ஆய்வில் பலன் தெரியவில்லை. வைட்டமின் டி இரத்தத்தில் குறைவாக இருந்தால் அதைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவே. 60,000 அலகு கொண்ட பாக்கெட்டைத் தலைவலி போகும்வரை வாரம் ஒன்றாகக் கரைத்துக் குடித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகக் கோளாறும் வரக்கூடும். சுக்கு வலி வந்த நேரத்தில் சிலருக்குக் குமட்டலையும் வலியையும் தணிக்கிறது. தினமும் எடுத்து வலி வராமல் தடுக்க முடிகிறதா என்று பார்த்த ஆய்வில் பலன் இல்லை. நெற்றிப் பற்று போடுவதில் தீங்கில்லை. மாத்திரையாக வாங்கிச் செலவழிக்கத் தேவையில்லை.

மீனும் எண்ணெயும்

சத்து மாத்திரை பற்றிய வழிகாட்டியில் உணவைப் பற்றி நீட்டிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2021இல் அமெரிக்காவில் 182 பேரிடம் 16 வாரங்கள் நடந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் நாட்பட்ட ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் நோயாளிகளிடமே நடந்தது என்பதால் அதற்குத் தனி மதிப்பு. கடல்மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பை நாளொன்றுக்கு 1.5 கிராம் கிடைக்கும்படி கூட்டி, சில தாவர எண்ணெய்களில் மிகுந்துள்ள லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பைக் குறைத்த உணவை உண்டவர்களுக்கு, வழக்கமான உணவை உண்டவர்களைவிட மாதத்தில் ஏறத்தாழ 4 தலைவலி நாட்கள் குறைந்தன. அங்கே கொடுத்தது உணவு. மீனெண்ணெய் மாத்திரையை மட்டும் விழுங்கி, மற்றதை மாற்றாமல் விட்டால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

நம் அடுக்களையில் இதைச் செய்வது கடினமில்லை. மத்தியும் கானாங்கெளுத்தியும் ஒமேகா-3 நிறைந்தவை, வஞ்சிரத்தைவிட விலையும் மிகக் குறைவு. லினோலெயிக் அமிலம் சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கு மேல் இருக்கிறது. கடலை எண்ணெயில் ஏறத்தாழ அதில் பாதி, தேங்காய் எண்ணெயில் சொற்பம். மத்தியைச் சூரியகாந்தி எண்ணெயில் முறுகப் பொரித்துவிட்டு ஒமேகா-3 எடுத்தோம் என்று கணக்கு எழுதக் கூடாது. குழம்பாக வைப்பதே இதற்கு ஏற்றது. மீன் உண்ணாதவர்கள் எண்ணெயை மாற்றுவதோடு, ஒமேகா-3 வேண்டுமானால் கடற்பாசியிலிருந்து எடுத்த மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

வாங்கும்போது

இந்தியாவில் சத்து மாத்திரைகள் மருந்துச் சட்டத்தின் கீழ் வராமல், பெரும்பாலும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண்ணும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். ஒற்றைத் தலைவலியைக் குணப்படுத்தும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தால் அந்தத் தயாரிப்பாளர் விதியை மீறுகிறார் என்று பொருள். வேறு எதில் மீறியிருப்பார் என்று நமக்குத் தெரியாது. பத்துப் பன்னிரண்டு சத்துகளைக் கலந்து, ஒவ்வொன்றும் எவ்வளவு என்று சொல்லாமல் மொத்த எடையை மட்டும் கொடுக்கும் கலவைகளை விலக்க வேண்டும். பலன் கிடைத்தால் எதனால் என்றும், ஒவ்வாமை வந்தால் எதனால் என்றும் அவற்றில் கண்டுபிடிக்க வழியில்லை.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், சிறுநீரக அல்லது கல்லீரல் நோய் உள்ளவர்கள் ஆகியோர் மேலே சொன்ன எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் அளவைப் பாதியாக்கிக் கொடுப்பது சரியான கணக்கு ஆகாது. சித்த, ஆயுர்வேத மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். திட்டுவார் என்ற பயத்தில் மறைப்பவர்கள் பலர். பொருந்தாத மருந்துகளை அவர் கண்டுபிடிக்க இருக்கும் ஒரே வழியையும் அது அடைத்துவிடுகிறது.

12 வாரமும் அதன் பிறகும்

தொடங்கும் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு, அங்கிருந்து 12 வாரம் தள்ளி இன்னொரு வட்டம் போட வேண்டும். இடையில் வேறெந்தப் புதிய மாத்திரையையும் தொடங்கக் கூடாது. மருத்துவர் தடுப்பு மருந்தின் அளவை மாற்றினால், சத்து மாத்திரையின் கணக்கை அந்த நாளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்துவது எந்த நிலையிலும் கூடாது. புரொப்ரனோலாலைத் திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறக்கூடும். டோபிராமேட்டையும் மருத்துவர் சொல்லும் விதத்தில் படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

முதல் நான்கு வாரங்களில் மாற்றம் தெரியாவிட்டால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆய்வுகளிலும் பலன் மெல்லத்தான் தெரிந்தது. 9 முதல் 12 வரையிலான நான்கு வாரங்களின் வலி நாட்களை எண்ணி, தொடங்குவதற்கு முந்தைய நான்கு வாரங்களோடு ஒப்பிட வேண்டும். மாதவிடாயோடு வலி கூடும் பெண்கள், இரண்டு காலத்திலும் ஒரே எண்ணிக்கையிலான மாதவிடாய்கள் விழுந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒப்பீடு பொய்த்துவிடும். நாட்பட்ட நிலையில் வலி நாட்கள் 30 விழுக்காடு குறைந்தாலே அதைப் பொருள்படும் முன்னேற்றமாகக் கொள்வது வழக்கம்: 20 நாள் 14 நாளாவது போல. நாட்களின் எண்ணிக்கை மாறாமல் 3 என்று குறித்த நாட்கள் 1 ஆக இறங்கியிருந்தாலும், வலி மாத்திரை எடுத்த நாட்கள் குறைந்திருந்தாலும் அதுவும் முன்னேற்றமே. 20 நாள் 18 நாளாகியிருந்தால் அது மாதத்துக்கு மாதம் தானாக நிகழும் ஏற்ற இறக்கமே; நிறுத்திவிட்டு, இரண்டு வார இடைவெளிக்குப் பின் அடுத்த சத்துக்குப் போகலாம்.

பலன் தெரிந்த சத்தை ஆறு மாதம் வரை தொடரலாம். அதன் பிறகு மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதை மட்டும் இரண்டு மாதம் நிறுத்தி, காலண்டரில் எழுதிக்கொண்டே பார்க்க வேண்டும். வலி நாட்கள் மீண்டும் ஏறினால் அதே மாத்திரையை அதே அளவில் திரும்பத் தொடங்கலாம். ஏறாவிட்டால் அந்தச் செலவு இனித் தேவையில்லை.